அறுபதுக்கு மேல் 'புயலிலே ஒரு தோணி': மதிப்புரை எழுத உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்களுக்கும் புரியட்டும். கேட்டவருக்கு அறுபத்தாறு வயது. மத்திய அரசின் கணக்குத் துறையிலிருந்து ஓய்வு பெற்று டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலை முப்பது வயதில் எடுத்து, தொடக்கத்தைத் தாண்ட முடியாமல் வைத்துவிட்டார். இப்போதுதான் முழுக்கப் படித்து முடித்திருக்கிறார். அவர் போகும் வாசகர் வட்டத்தில் அதற்கு மதிப்புரை எழுதி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய பெரியப்பா ஒருவர் போருக்கு முன்பே பினாங்கில் வட்டிக்கடை வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. நாவலை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா, டால்ஸ்டாயோடு ஒப்பிட வேண்டுமா, பெரியப்பா கதையைச் சேர்க்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

மூன்றுக்கும் வருகிறேன். ஆனால் சார், உங்கள் கேள்விக்கு நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எல்லாரும் எழுதித் தீர்த்த நாவல், இந்த வயசில் நான் புதுசா என்ன சொல்லிடப் போறேன்?" நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்றும் இதற்குள் அடங்கும். நான் இந்த ஊரில் ஒரு கல்லூரியில் பல வருஷம் தமிழ் இலக்கியம் நடத்தியவன். இந்த நாவலை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், மாணவர்கள் எழுதியதும் ஓய்வு பெற்ற பிறகு வாசிக்க வந்தவர்கள் எழுதியதுமாக நிறைய மதிப்புரைகளைத் திருத்தியும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறேன். ராணுவ வரலாறு என் துறை கிடையாது. எந்தப் படைப்பிரிவு எந்தத் துப்பாக்கியோடு எங்கே நின்றது என்பதற்கெல்லாம் என்னிடம் வராதீர்கள்.

இருபது வயதுப் பையன்கள் எழுதும் மதிப்புரையில் நாவலின் நாயகன் பாண்டியன் மட்டும்தான் இருப்பான். அது இயல்பு. சுமத்ராத் தீவின் மெடான் நகரில் கடை வேலை பார்த்தவன், ஜப்பான்காரன் வந்த பிறகு தொங்கான் என்ற பாய்மரக் கலத்தில் ஏறி, புயலில் அலைபட்டு மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்கு சேர்கிறான், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான், உளவு, கொலை, காதல் என்று பாய்கிறான். அவனோடு ஓடவே இளம் வாசகனுக்கு மூச்சு சரியாக இருக்கும். அறுபதைத் தாண்டியவர்கள் எழுதினால் வேறு ஆட்கள் வெளியே வருகிறார்கள். கடையை விட்டு நகராத மேலாள் (கடையை நடத்துபவர்), ஐந்தொகை என்னும் வரவு செலவு இருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் அடுத்தாள் (அவருக்கு அடுத்த நிலை ஊழியர்), ஊரில் வட்டிக்குக் கடன் வாங்கிக் கப்பல் ஏறிய பெட்டியடிப் பையன் (கடையின் எடுபிடிப் பையன்), தெருவில் ராணுவ லாரி போகும்போதும் அன்றைய வரவு செலவு என்ன ஆகும் என்று யோசிப்பவன். நாவல் முழுக்க இவர்கள் நிறைந்திருக்கிறார்கள். இந்த நாவலைப் போர் நாவல் என்கிறோமே தவிர, இதில் போர்முனை மிகக் குறைவு. போர் வந்து மேலே விழும்போது கடைத்தெரு என்ன செய்தது என்பதுதான் இதன் பெரும்பகுதி. அதைப் பார்க்க ஒரு வேலையில் நெடுங்காலம் உட்கார்ந்து எழுந்த கண் வேண்டியிருக்கிறது. நீங்கள் கணக்குத் துறைக்காரர் வேறு. உங்களைவிடப் பொருத்தமான வாசகர் இந்த நாவலுக்கு எங்கே கிடைப்பார்?

பணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியர் மலேயாவில் தங்கள் நோட்டை அச்சடித்து விட்டார்கள். பத்து டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருந்ததால் மக்கள் மொத்தத்தையும் வாழைமர நோட்டு என்றார்கள். அச்சடிக்க அச்சடிக்க அதன் மதிப்பு சரிந்தது. போருக்கு முன் நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள் அந்தக் கடனை இந்த நோட்டில் அடைத்தார்கள். செட்டியார் கடைகள் வாங்கித்தான் ஆக வேண்டும், மறுத்தால் ராணுவப் போலீஸ். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, பிரிட்டிஷார் திரும்பி வந்து அந்த நோட்டு செல்லாது என்றுவிட்டார்கள். பேரேட்டில் வரவாகி இருந்த பணம் ஒரே அறிவிப்பில் வெறும் காகிதம். இந்தக் கடன் வழக்குகளைத் தீர்க்கவே 1948இல் மலேயாவில் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இதெல்லாம் உறுதியான வரலாறு. இதை வைத்துக்கொண்டு நாவலில் வட்டிக்கடைக்காரர்கள் பேசும் இடங்களை இன்னொரு முறை படியுங்கள். முதல் வாசிப்பில் அரட்டை மாதிரித் தெரிந்த பேச்சில் எவ்வளவு பயம் இருக்கிறது என்று தெரியும். இதைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதினாலே உங்கள் மதிப்புரை மற்றவர்கள் எழுதியதிலிருந்து தனியாக நிற்கும். மாணவர்கள் எழுதி நான் பார்த்ததில் இதைத் தொட்டவர்கள் ரொம்பக் குறைவு.

இதோடு சேர்த்து சிங்காரத்தின் முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' கிடைத்தால் அதையும் படித்துவிடுங்கள். சின்ன நாவல். கலைமகள் பரிசு பெற்று 1959இல் வந்தது. அதில் படையிலிருந்து திரும்பிய செல்லையாவுக்குத் தன் மகளைக் கொடுக்க மறுக்கிற கடை முதலாளி வானாயீனா இருக்கிறார். துப்பாக்கி பிடித்த கை இனிமேல் பேனா பிடித்துக் கணக்கு எழுதாது என்பது அவர் கட்சி. இளவட்டங்கள் அவரைத் திட்டி எழுதுவார்கள். வயதானவர்கள் அவ்வளவு சுலபமாகத் திட்டிவிட மாட்டார்கள். அதற்காக அவர் செய்தது சரி என்றும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வரலாறா என்ற கேள்விக்கு வருவோம். மதிப்புரை எழுதுவதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் வருஷங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது 1942 முதல் போர் முடிந்து சுமத்ராவில் டச்சுக்காரர்களை எதிர்த்து இந்தோனேசியர்கள் போராடும் காலம் வரை. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். 1938இல் மெடானுக்குக் கடை வேலைக்குப் போனார், போர் முழுக்க அந்தப் பக்கம்தான் இருந்தார், 1946இல் ஊர் திரும்பினார். பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை. நாவலை எழுதியது 1960களின் தொடக்கத்தில். அச்சில் வந்தது 1972இல். அதாவது கண்ணால் பார்த்த காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவே ஏறக்குறைய இருபது வருஷம், எழுதியதற்கும் அச்சுக்கும் நடுவே இன்னொரு பத்து வருஷம். இந்த இடைவெளி ரொம்ப முக்கியம். பினாங்கில் இளைஞர்கள் கூடி உட்கார்ந்து தமிழர் பழம்பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் அத்தியாயங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை 1943இன் குரலாக மட்டும் படிக்க முடியாது. மேடைத் தமிழ் உச்சத்தில் இருந்த மதுரையில் உட்கார்ந்து எழுதியவரின் குரலும் அதில் கேட்கிறது என்பது என் கணிப்பு. கணிப்புதான், ஆதாரம் என்று நீட்ட என்னிடம் காகிதம் எதுவும் இல்லை.

நாவலின் பின்னணியாக வரும் பெரிய நிகழ்ச்சிகள் உறுதியானவை. 1941 டிசம்பரில் பினாங்கில் ஜப்பான் குண்டு போட்டது, பிரிட்டிஷார் வெள்ளைக்காரர்களை மட்டும் கப்பலேற்றிவிட்டு ஊரைக் கைவிட்டது, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் மெடான் ஜப்பான் கைக்குப் போனது, 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து இறங்கியது, அதே வருஷம் அக்டோபர் 21இல் சுதந்திர அரசை அறிவித்தது, 1944இல் இம்பால் படையெடுப்பு தோற்றது. இவற்றை எந்த வரலாற்று நூலிலும் சரிபார்க்கலாம். முதலில் மோகன் சிங் தலைமையில் இருந்த இந்திய தேசிய ராணுவத்தில் சரணடைந்த போர்க் கைதிகளே பெரும்பான்மை. போஸ் வந்த பிறகுதான் தோட்டத் தொழிலாளிகளும் கடைப் பையன்களும் அலையலையாகச் சேர்ந்தார்கள். பாண்டியனைப் போன்றவன் படையில் இருந்திருக்கக் கூடியவன்தான். ஆனால் பாண்டியன் செய்ததாக வரும் சாகசங்கள் கற்பனை. அங்கே நீங்கள் "இதுதான் நடந்தது" என்று எழுதக் கூடாது. சிங்காரமே பாண்டியன் என்று எழுதுவதையும் தவிர்த்துவிடுங்கள். மெடான் தெருவையும் கடை வாழ்க்கையையும் அவர் பார்த்து எழுதினார் என்று சொல்வது வேறு, அவரே உளவாளியாகத் திரிந்தார் என்று சொல்வது வேறு. முன்னதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. பின்னதை வாசகர்களின் ஆசை உண்டாக்கியது என்றுதான் நான் நினைக்கிறேன்.

டெல்லியில் உட்கார்ந்து இந்த நாவலைப் படிப்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. சிங்கப்பூரில் படைக்குக் கொடுக்கப்பட்ட கோஷமே டெல்லிக்குப் போவோம் என்பதுதான். அவர்களில் சிலர் வந்தும் சேர்ந்தார்கள், கைதிகளாக. செங்கோட்டையை ஒட்டிய சலீம்கர் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், பிரேம் குமார் ஸேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது, அவர்களுக்காக பூலாபாய் தேசாய் வாதாடினார். செங்கோட்டைக்குள் 2019இல் போஸுக்கும் அந்தப் படைக்கும் ஒரு காட்சியகம் திறந்தார்கள். வெயில் இதமாக இருக்கும் ஒரு குளிர்காலக் காலையில் மெட்ரோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், மயூர் விஹாரிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே இருப்பது தலைவர்களின் போர், அதிகாரிகளின் சீருடை. நாவலில் இருப்பது அந்தச் சீருடைக்குள் நுழைந்த கடைப் பையனின் போர். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் படித்தால் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும்.

டால்ஸ்டாய் ஒப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 'போரும் வாழ்வும்' நீங்கள் படித்திருந்தால், படித்ததால் உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது தோன்றியிருந்தால், ஒரு பத்தி எழுதுங்கள். தோன்றாவிட்டால் பெயரைக்கூட எடுக்க வேண்டாம். டால்ஸ்டாய் 1812ஆம் வருஷத்துப் போரை 1860களில் எழுதினார், அந்தப் போர் நடந்தபோது அவர் பிறக்கக்கூட இல்லை. கிரிமியப் போரில் செவாஸ்தபோலில் தானே நின்றிருந்த அனுபவத்தை அதில் ஏற்றினார். சிங்காரம் தன் காலத்தையே எழுதினார், ஆனால் போர்முனையிலிருந்து பார்க்கவில்லை, கடைத்தெருவிலிருந்து பார்த்தார். ஒப்பிட வேண்டுமானால் இந்த ஒன்றை வைத்து ஒப்பிடலாம். "தமிழின் போரும் வாழ்வும்" என்ற பட்டம் கொடுப்பது மட்டும் வேண்டாம், அது இரண்டு புத்தகத்துக்குமே உதவாது. உலகத் தரம், தமிழின் தலைசிறந்த நாவல் போன்ற வரிசைப் பட்டியலும் அப்படித்தான். கூட்டத்தில் கைதட்டு விழும், அவ்வளவுதான்.

முப்பதில் ஏன் வைத்துவிட்டீர்கள் என்பதை மதிப்புரையில் சொல்லுங்கள், அது பயன்படும். தொடக்கத்திலேயே டச்சுத் தெருப் பெயர்கள், மலாய்ச் சொற்கள், செட்டியார் கடை விலாசங்கள், நடுவே எச்சரிக்கை இல்லாமல் மதுரைத் தெருவுக்கும் பாண்டியனின் ஊரான சின்னமங்கலத்துக்கும் தாவும் நினைவு, திடீரென்று பழந்தமிழ்ப் பாட்டின் நடையில் கேலி. யாரும் கைபிடித்து அழைத்துப் போவதில்லை. இப்போது மட்டும் எப்படிப் படிக்க முடிந்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பொறுமை வந்துவிட்டது என்று ஒரு சுலபமான பதில் இருக்கிறது. நான் கவனித்த வரையில் வேறொன்று. ஊரை விட்டு வந்து இன்னொரு மொழிக்காரர்கள் நடுவே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்களுக்கு அந்தத் தாவல் புதிதாக இல்லை. கரோல் பாக்கில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்போது ஊர்ச் சந்தையில் நிற்பது உங்களுக்கும் நடந்திருக்கும். ஆனால் ஒரு ஜாக்கிரதை. இந்த நாவல் ஊரை நினைத்து உருகுகிற நாவல் கிடையாது. பாண்டியன் நினைக்கும் மதுரையில் தாசித் தெருவும் இருக்கிறது, அற்பத்தனமும் இருக்கிறது. உங்கள் ஏக்கத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டால் நாவல் கையை விட்டுப் போய்விடும்.

குறைகளையும் எழுத வேண்டும். வயதானவர்கள் எழுதும் மதிப்புரையில் நான் அடிக்கடி பார்ப்பது, கிளாசிக் என்றதும் கை கூப்பிவிடுகிறார்கள். இந்த நாவலில் பெண்கள் மெலிதாகத்தான் வருகிறார்கள். பெரும்பாலும் ஆண்களின் போதைக்கும் நினைவுக்கும் இடையே வந்து போகிறவர்கள். அது அந்தக் கடைத்தெரு ஆண்களின் பார்வையை ஆசிரியர் அப்படியே காட்டியதா, அவர் பார்வையே அதுதானா? வகுப்பில் இதற்கு ஒவ்வொரு வருஷமும் சண்டை நடக்கும். எனக்கு இரண்டும் கலந்திருப்பதாகப் படுகிறது, பின்னது கொஞ்சம் கூடுதல். பாண்டியன் செய்யும் கொலைகளைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வாருங்கள். நாவல் அவனை எந்த இடத்தில் கேள்வி கேட்கிறது, எந்த இடத்தில் அவன் வீரத்தில் தானே மயங்குகிறது என்று பக்கம் குறித்துக்கொண்டு எழுதுங்கள். மெடானில் கொள்ளையடித்தவர்களின் தலையை வெட்டி ஊர் பார்க்க வைக்கும் காட்சியில் நடை எவ்வளவு நிதானமாக இருக்கிறது, பாண்டியன் துப்பாக்கி எடுக்கும் காட்சிகளில் நடை எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே ஏதாவது பிடிபடும். உங்கள் முடிவு என் முடிவிலிருந்து மாறுபட்டால் நல்லது.

பெரியப்பா விஷயம். சேர்க்கலாம், ஆனால் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம், முதல் பத்தியாகவும் வேண்டாம். முதலில் சொல்லிவிட்டால் கேட்பவர்கள் அதற்குப் பிறகு நாவலைக் கேட்க மாட்டார்கள், பெரியப்பா என்ன ஆனார் என்றே யோசித்துக்கொண்டிருப்பார்கள். நாவலில் பெட்டியடிப் பையன் எப்படிக் கப்பல் ஏறினான் என்று பேசுகிற இடத்தில், எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் இப்படிப் போனார், இவ்வளவுதான் வீட்டில் சொல்லக் கேட்டது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வீட்டில் சொன்னதையும் நாவலில் படித்ததையும் கலக்காதீர்கள். இந்த வயதில் அது நம்மை அறியாமல் நடந்துவிடும். நாவலில் வரும் பினாங்கின் சூலியா தெருவை வாசித்துவிட்டு, பெரியப்பா அங்கேதான் இருந்தார் என்று நமக்கே நிச்சயமாகத் தோன்ற ஆரம்பிக்கும். வீட்டில் உள்ள கடிதம், கடை விலாசம், பாஸ்போர்ட் என்று காகிதத்தில் எது இருக்கிறதோ அதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள், மற்றதற்குக் "கேள்விப்பட்டது" என்று போடுங்கள். கணக்குத் துறையில் வவுச்சர் இல்லாமல் பில் பாஸ் செய்திருக்க மாட்டீர்களே.

எழுதும் முறைக்கு இரண்டு வார்த்தை. முன்னுரையை மறுபடி படிக்காதீர்கள், நீங்கள் எழுதி முடிக்கும் வரை. நல்ல விமர்சகர்கள் எழுதியவைதான், அதனால்தான் ஆபத்து. அவர்களுடைய சொற்கள் உங்கள் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாவல் முழுவதையும் மறுபடி படிக்கவும் தேவையில்லை. தொடக்கம், தொங்கான் புயலில் சிக்கும் பகுதி, பினாங்குப் பேச்சு ஒன்று, கடைசி அத்தியாயம், இவற்றைப் பென்சிலோடு படியுங்கள். கண் களைப்பாக இருந்தால் வீட்டில் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், புயல் பகுதியைக் காதால் கேட்பது தனி அனுபவம். கதைச் சுருக்கம் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. முடிவைச் சொல்லாதீர்கள், வட்டத்தில் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், அதனால்தான் நானும் இங்கே சொல்லவில்லை. எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுங்கள், பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், மேற்கோளைத் தேடுபவர் திண்டாடுவார். அப்புறம், ஆசிரியரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி போதும். விடுதி அறையில் தனியாக வாழ்ந்து, சேமிப்பை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு எழுதிவைத்துவிட்டு 1997இல் போய்ச் சேர்ந்த மனிதர். அந்தக் கதை மனதைத் தொடும் என்பதாலேயே பலர் நாவலை விட்டுவிட்டு அதையே பேசிவிடுகிறார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெரியப்பாவைப் பற்றித் தேட நினைத்தால் ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய தேசிய ராணுவம் தொடர்பான கோப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய அபிலேக் படல் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பட்டியலைத் துழாவலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அவரவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், அதனால் ஒரே பெயரை நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் கையில் இருந்தால் நல்லது. அவர் படையிலேயே சேரவில்லை என்றால் அங்கே தேடிப் பலனில்லை, அவர் வேலை பார்த்த கடையின் விலாசத்தை வைத்துச் செட்டிநாட்டில் அந்தக் குடும்பத்தாரிடம் பழைய கணக்குப் புத்தகம் இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் வழி. மதிப்புரைக்கு இது எதுவும் தேவையில்லை, அதை முதலில் முடித்துவிடுங்கள்.